ஜோகெட் டிரஸ்ஸரின் கவுண்டர்

போன மாதம் என்னை ஒரு பயிற்சிப் பட்டறையில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு வாட்சாப்பில் வந்தது: ‘போதையால் வன்முறையில் இறங்குவோரைப் பதற்றமின்றி அணுகுதல்’. இரண்டு முறை வாசித்தேன். ஆள் மாறி அனுப்பிவிட்டார்களோ என்று அனுப்பிய நம்பரையும் சரிபார்த்தேன். பதற்றமின்றி! மனைவியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“உங்களையா கூப்பிட்டாங்க? கரப்பான்பூச்சி பறந்தா நாற்காலி மேல ஏறுற ஆளையா?”

நான் முப்பது வருடம் ஜோகூரில் அரசாங்க கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக இருந்து, ஐம்பத்தைந்தில் போதும் சாமி என்று விருப்ப ஓய்வு எடுத்தவன். ‘மருத்துவ உதவியாளர்’ என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும் பெயர். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்து இன்றுவரை, இந்த வேலை செய்கிறவன் ‘டிரஸ்ஸர்’தான். எனக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு பட்டமும் உண்டு. எந்தச் சுல்தானும் கொடுத்ததல்ல. எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அழைப்போடு இன்னொரு செய்தியும் வந்தது. என் பழைய கவுண்டரில் இப்போது உட்கார்ந்திருக்கும் யோகா எழுதியிருந்தாள். இரண்டு பிள்ளைக்குத் தாய், என்னைவிட நூறு மடங்கு தைரியசாலி. “சார், மெத்தடோன் கவுண்டருக்குக் கனமான கண்ணாடி போடப் போறாங்க. கப் கொடுக்க எவ்ளோ பெரிய ஓட்டை விடணும்னு கேக்குறாங்க. நீங்கதான் அங்க அதிக நாள் இருந்தீங்க. சொல்லுங்க.”

பட்டறைக்கு இருபது நிமிடம் பேசினால் போதும். ஓட்டைக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

படிப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று வருடம். தையல் போட, ஊசி போட, உடைந்த எலும்பைக் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். போதையில் ஒருவன் அரிவாளோடு நின்றால் என்ன செய்வது என்ற பாடம் நடந்த வாரம் எனக்கு டெங்கிக் காய்ச்சல். பிற்காலத்தில் முழங்கால் ஆடிய போதெல்லாம் அந்தக் கொசுவைத்தான் குற்றம் சொன்னேன்.

முதல் வேலை பண்டார் தெங்காரா பக்கம். சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சியாபு இழுத்த ஒருவன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தான். சியாபு என்றால் கண்ணாடித் தூள் மாதிரி இருக்கும் போதை. தூக்கத்தைப் பறித்துவிட்டுச் சந்தேகத்தைக் கொடுக்கும். நான் நிதானமாகச் சூழ்நிலையை ஆராய்ந்து, மருந்து ஸ்டோருக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டேன். வெளியே சத்தம் அடங்கியதும் கதவிடுக்கு வழியாக, “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு. உக்கார வச்சுத் தண்ணி கொடுத்தாச்சு,” என்றது துப்புரவு வேலை செய்யும் அக்காவின் குரல். “பாத்து வாங்க டிரஸ்ஸர், தரை ஈரம். வழுக்கிடப் போறீங்க.”

அந்த அக்காவைத்தான் பட்டறைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

பிறகு பாலோ பக்கம் ஒரு கிளினிக்குக்கு மாற்றினார்கள். அங்கேதான் டாக்டர் பரமேஸ்வரி. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவராம். மூன்று தலைமுறை ஜோகூரில் கழிந்தும் டாக்டரின் தமிழ் அந்த ரயிலைவிட்டு இறங்கவில்லை. தேநீர் குடிக்கப் போகும் வேகத்திலேயே மாரடைப்பு வந்தவரிடமும் போவார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நடந்து வந்து வேலையை ஆரம்பித்திருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். பேனாவால் எழுதினால் ஆட்களுக்குத் தங்கள் எழுத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வந்துவிடும் என்பது அவர் கட்சி.

போதையில் கலாட்டா என்று போலீஸிடமிருந்து போன் வந்தால் ஆம்புலன்ஸோடு நாங்களும் போக வேண்டும். முதல் தடவை நான் கழுத்தில் அடையாள அட்டை நாடாவும், சட்டைப் பையில் நான்கு பேனாவும், காலில் செருப்புமாக வந்து நின்றேன். டாக்டர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து நாடாவை ‘கிச்’ என்று வெட்டினார்.

“தூக்குக்கயிறை நீரே கழுத்தில போட்டுக்கொண்டு வாறீரோ? பிடிச்சு இழுக்கிறவனுக்கு வேலை மிச்சம். பேனையளையும் எடும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும்.”

வண்டியில் போகும்போது மற்றதைச் சொன்னார். ஆளுக்கு நேராக நிற்காதே, கொஞ்சம் சரிந்து நில். அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நிற்காதே. அவனுக்கும் ஓட ஒரு வழி வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், நான்கு பேர் பேசினால் அவன் காதுக்குள் ஏற்கெனவே இருக்கும் குரல்களோடு நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். பொய் சொல்லாதே.

“பயமா இருந்தா, டாக்டர்?”

“பயப்பிடும். அதுக்கு ஆர் வேண்டாம் எண்டது? கதவு எந்தப் பக்கம் எண்டு மட்டும் மறக்காதையும்.”

நான் கதவை ஒருபோதும் மறந்ததில்லை. சில வேளைகளில் நோயாளியைத்தான் மறந்தேன்.

மெத்தடோன் திட்டம் வந்த புதிதில், யாரை அந்தக் கவுண்டரில் உட்கார வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஃபார்மசியில் ஆள் பற்றாக்குறை. கூட்டத்தில் எல்லோரும் மேசையைக் குனிந்து பார்த்தபோது நான் மட்டும் தும்மினேன். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஹெரோயினை விடுகிறவர்களுக்கு அதற்குப் பதிலாக நாங்கள் அளந்து கொடுக்கும் திரவம் அது. தினமும் வரவேண்டும், எங்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும். திருட வேண்டாம், ஊசி பகிர வேண்டாம், குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், இருந்தவர்கள், எங்களால்தான் ஊரில் போதைக்காரர்கள் பெருகிவிட்டதாக மனு எழுதினார்கள். குறைந்தது பின்வாசல் வழியாகவாவது விடுங்கள் என்றார்கள். “பின்வாசலால வாறவன் பின்வாசல் ஆளாத்தான் இருப்பான்,” என்று டாக்டர் மனுவின் ஓரத்தில் பென்சிலால் எழுதி ஃபைலில் போட்டார். முன்வாசல்தான்.

கவுண்டர் விதிகளை அவர் மந்திரம் மாதிரி வைத்திருந்தார். காலை எட்டு மணிக்குத் திறக்கும். நம்பரைச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார், தூங்கி வழிந்தால் மருந்து இல்லை. சிரிஞ்சில் அளந்து, ஆரஞ்சுத் தண்ணீர் கலந்து, காகிதக் கப்பில் கொடு. அவன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஒரு கை சும்மா இருந்தால் அது பாக்கெட்டில் ஒளித்திருக்கும் போத்தலைத் தேடும். குடித்து முடித்ததும் பேச வேண்டும், ஏனென்றால் சிலர் வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்பார்கள்.

“‘ம்’ எண்டு சொன்னால் காணாது. ஒரு முழு வசனம்,” என்பார் டாக்டர்.

ஆகவே தினமும் முப்பது நாற்பது பேர் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்கள். பந்து விளையாட்டு, மாமியார், மழை. சிலருக்கு அன்றைக்கு வேறு யாரிடமும் பேச்சு இருந்திருக்காது. எனக்கு அது தெரியவில்லை. அப்போது என் கவனமெல்லாம் என் கையில் இருந்தது.

மருந்தை அளக்கும்போது என் கை ஆடாது. அளவு தப்பினால் உயிர் என்று மூளைக்குத் தெரியும். கப்பை அந்தப் பக்கம் நீட்டும்போதுதான் ஆடும். எதிரே பச்சை குத்திய கைகள், தழும்பு விழுந்த கைகள். கப்பில் அலை அடிக்கும். ஒருநாள் இருபத்தேழாம் நம்பர் அதைப் பார்த்துவிட்டு, குடித்து முடித்து, தன் முழு வாக்கியத்தைச் சொன்னான்:

“டிரஸ்ஸர், காலைலயே ஜோகெட் ஆடுறீங்களே, மியூசிக் எங்க?”

ஜோகெட் என்பது மலாய்க்காரர்கள் கல்யாணத்தில் ஆடும் குஷியான ஆட்டம். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து பாலோவிலிருந்து குளுவாங்வரை நான் ஜோகெட் டிரஸ்ஸர்.

இருபத்தேழாம் நம்பர் குணா. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டிக்கொண்டிருந்தவன், முதுகு போனதால் வேலையும் போனது. முதுகு வலிக்கு நண்பர்கள் கொடுத்த மருந்து ஹெரோயின். எங்களிடம் வந்தபின் தேறினான். கார் கழுவும் இடத்தில் வேலை. அக்கா புஷ்பா குளுவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து அவனையும் வைத்துக் காப்பாற்றினாள். அவன் மூன்று வருடம் ஒருநாள் தவறாமல் வந்து, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்து, தினமும் ஒரு வாக்கியத்தால் என்னைக் கிண்டலடித்துவிட்டுப் போனான். அப்படிப்பட்டவனுக்கு நான் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பயந்தேன். தொழில் பக்தி.

கவுண்டருக்குக் கம்பிக் கதவு வேண்டும் என்று நான் மூன்று கடிதம் எழுதினேன். டாக்டர் மூன்றையும் பென்சிலால் அடித்துவிட்டு, ஆறுதல் பரிசாக ஓர் அபாய மணி வைக்க ஒப்புக்கொண்டார். இரும்புச் சாமான் கடையில் வாங்கிய வாசல் மணி. அழுத்தினால் குருவி மாதிரி கூவும். ஆபத்தில் அழுத்தியபோதெல்லாம் பல் பிரிவில் இருந்த நர்ஸ், தேநீர் வந்துவிட்டது என்று எழுந்து வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை குணா வந்தான். கண் சிவந்திருந்தது. நம்பரைச் சொல்லவில்லை. குனிந்து, இரண்டு கையையும் கவுண்டருக்கு இந்தப் பக்கம்வரை நீட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“டிரஸ்ஸர், கொஞ்சம் பேசணும்.”

“நம்பர் சொல்லு குணா.”

“இல்ல சார். மொதல்ல பேசணும். உள்ள வரட்டா?”

அவன் விரல்கள் என் சட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். என் விரல் மணியில். குருவி கூவியது. மறுபடியும் கூவியது. இந்தத் தடவை வாசல் காவலாளியே வந்தார். குணா கையை எடுத்துக்கொண்டு, காவலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மருந்து குடிக்காமலே போய்விட்டான்.

“அடுத்தது!” என்றேன் நான், ரொம்ப கம்பீரமாக.

செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. நான் ஏட்டில் சிவப்பு மையால் இரண்டு கட்டத்தில் கோடு போட்டேன். மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக்கூடாது அல்லவா.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் போலீஸிலிருந்து போன். தாமானில் ஒரு வீடு. தம்பி அக்காவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். கையில் அரிவாள். அக்காவுக்குக் கையில் வெட்டு, ரத்தம் போகிறது. பெயர்? குணசேகரன்.

கவுண்டருக்குக் கீழே இரண்டு சாமான்கள் இருக்கும். சிவப்புப் பை: அவசர மருந்து, கட்டுத்துணி, அமைதிப்படுத்தும் ஊசி. நீலக் கூடை: காகிதக் கப், ஆரஞ்சுச் சாறு போத்தல், தண்ணீர் போத்தல், வருகை ஏடு. நான் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவி எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் டாக்டருக்குப் பக்கத்தில் ஏறினேன். இவ்வளவு வேகமாக என்னை யாரும் பார்த்ததில்லை. அந்த வேகத்துக்கு விலை, வீட்டு வாசலில் இறங்கியபோது தெரிந்தது.

அங்கே நின்ற போலீஸ் சார்ஜன் ரஹிம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கையைப் பார்த்தார்.

“அலமாக், டிரஸ்ஸர்! பிக்னிக் வந்தீங்களா?”

நீலக் கூடை. கப்பும் ஆரஞ்சும் ஏடும். மெத்தடோன்கூட இல்லை, அது இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில். அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்கு வந்தவன் மாதிரி நின்றேன். டிரைவர் சிவப்புப் பையை எடுக்கத் திரும்பிப் போனார். போய்வர இருபது நிமிடம்.

வரிசை வீடு. முன்னால் இரும்புக் கிரில், உள்ளே பூட்டு. பின்கதவையும் பூட்டி அலமாரியைத் தள்ளி வைத்திருந்தான். கிரிலுக்குப் பின்னால் குணா நடந்துகொண்டிருந்தான். சோபாவைக் கிழித்திருந்தான். கையில் செம்பனை வெட்டும் வளைந்த அரிவாள், கம்பிலிருந்து கழற்றியது. அதை அவன் மூன்று வருடமாகத் தொடவில்லை என்று புஷ்பா பிறகு சொன்னாள். அவள் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சுற்றிய துண்டு நனைந்திருந்தது.

“யார்ரா அது? யார அனுப்பியிருக்காங்க?” என்றான் குணா. “எல்லாரும் வேஷம் போட்டுட்டு வர்றீங்க. எனக்குத் தெரியும். அந்த மீட்டர் ரீடிங்காரன், அந்த ரொட்டிக்காரன், எல்லாம் மாத்தா!”

எங்கள் பக்கத்தில் போலீஸை ‘மாத்தா’ என்போம். சார்ஜன் ரஹிம் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அந்தப் பொம்பள ரொம்ப நேரம் தாங்காது. அவன் திரும்ப அவகிட்ட போனா நாங்க உடைச்சிட்டு உள்ள போவோம். அப்ப அவன் அருவாளத் தூக்குனா, நான் சுடணும். எனக்குப் பிடிக்கல லா, ஆனா சுடணும்.”

டாக்டர் தலையாட்டினார். பிறகு என் கூடையைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அழலாம், அழுதால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“சரி,” என்றார். “கவுண்டரைத் திறவும்.”

“டாக்டர்?”

“மூண்டு வருசமாக் காலமை இதைத்தானே செய்யிறீர். துணி துவைக்கிற கல்லு அதிலை கிடக்கு. கூடையை வையும். திறவும்.”

கிரிலிலிருந்து நான்கடி தள்ளி ஒரு சிமெண்டுக் கல். கூடையை வைத்தேன். சரிந்து நின்றேன், தைரியத்தால் அல்ல, தெருப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும் என்று. ஏட்டைப் பிரித்தேன். வாய் தானாகச் சொன்னது:

“நம்பர்?”

நடை நின்றது. “என்ன?”

“நம்பர் சொல்லு. வரிசைல ஆள் நிக்குது.”

பின்னால் வரிசையில் நின்றது ஆறு போலீஸ்காரர்கள்.

“இருபத்தேழு,” என்றான். சொன்னதும் அவனுக்கே ஆச்சரியம். உடனே அரிவாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். “நீ டிரஸ்ஸர் இல்ல. டிரஸ்ஸர் மாதிரி வேஷம். அவரு பயந்தாங்கொள்ளி, இங்கெல்லாம் வரமாட்டாரு.”

என் வாழ்க்கையில் இதைவிடச் சரியான நற்சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. கப்பில் ஆரஞ்சை ஊற்றினேன். தண்ணீர் சேர்த்தேன். நீட்டினேன். பாதி கல்லில், கால்வாசி என் சப்பாத்தில். மீதி, கப்புக்குள் அலை அடித்தது.

குணா கிரிலுக்கு அருகில் வந்து, அந்தக் கப்பையே உற்றுப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஜோகெட்...” என்றான் மெதுவாக. “மாத்தாவுக்குக் கை ஆடாது.” பிறகு உள்பக்கம் திரும்பிச் சொன்னான்: “அக்கா, இது நம்ம டிரஸ்ஸர்தான்.”

“ஆமாடா,” என்றது புஷ்பாவின் குரல், வறண்டுபோய். “நம்ம டிரஸ்ஸர்தான்.”

“மூணு நாள் வரல சார். டோஸ் குறைப்பீங்களா?”

“இது மருந்து இல்ல குணா. வெறும் ஆரஞ்சுத் தண்ணி. மூணு நாள் ஆயிருச்சு, டாக்டர் பாக்காம தர முடியாது. டாக்டர் பின்னால நிக்கிறாங்க.”

“சரி லா,” என்றான், விதி தெரிந்தவன். கிரிலில் பூட்டுப் போடுவதற்காகக் கை விட ஒரு சந்து இருக்கும். அதன் வழியாக இடது கையை நீட்டினான். வலது கையில் அரிவாள்.

கப்பைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். சத்தியமாக அதுதான் என் திட்டம். ஆனால் ஆயிரம் காலையின் பழக்கம் வாயில் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டு கை, குணா.”

அவன் சந்தைப் பார்த்தான். ஒரு கைக்குத்தான் இடம். கையைப் பார்த்தான், அரிவாளைப் பார்த்தான். என் பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. குணா குனிந்தான். அரிவாளைச் செருப்பு அடுக்கும் தட்டில், செருப்புகளுக்கு நடுவே, ஒழுங்காக வைத்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். கிரிலைத் தள்ளிவிட்டு வெளியே ஓரடி வந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

போலீஸ்காரர்கள் அசைந்தார்கள். டாக்டர் அவர்கள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். “பொறுங்கோ. அவர் இன்னும் கதைக்கேல்லை.”

குடித்தான். கப்பைத் திருப்பிக் கொடுத்தான். அவன் பின்னால் புஷ்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கிரிலைத் தாண்டி, சார்ஜன் ரஹிமின் கையில் விழுந்தாள். டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் கையில் சுற்றி இறுக்கிக் கட்டியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். குணா எதையும் பார்க்கவில்லை. அவன் தன் முழு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

“அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். சியாபு இழுக்க ஆரம்பிச்சிட்டேன், காதுல ஆள் பேசுறாங்க, அக்காவ வெட்டச் சொல்றாங்க, என்னைய எங்கயாச்சும் கட்டிப் போடுங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க குருவிய அடிச்சிட்டீங்க.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. சிவப்புப் பையோடு ஆம்புலன்ஸ் திரும்பி வந்ததும் அவனே ஏறினான். டாக்டர் ஊசி போட்டார். எனக்கும் உதவி தேவைப்பட்டது: துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன், இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த நாள் கிளினிக்கில் கைதட்டினார்கள். நர்ஸ் கேக் வாங்கி வந்தாள். வீரன் என்று யாரோ சொன்னார்கள். நான் கேக்கை இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சம்பவ அறிக்கை எழுத வேண்டும். அழகாக எழுதினேன். ‘கவுண்டர் நடைமுறையைத் திட்டமிட்டுப் பயன்படுத்தி’ என்றெல்லாம் வந்தது. டாக்டர் வாசித்தார். முதல் பத்திக்கு மேலே இருந்த வெற்று இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் வெற்று இடத்தில் தேதியை எழுதிக் கொடுத்தேன். தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டத்தோடு திரும்பி வந்தது.

மூன்றாம் தடவை அவர் அறைக்குப் போனேன். “இங்க என்ன எழுதணும், டாக்டர்?”

“உமக்குத் தெரியும்.”

“அது... அன்னைக்கு அவன் நம்பர் சொல்லல டாக்டர். கைய உள்ள நீட்டிட்டான். விதிப்படி...”

“விதிப்படி நீர் செய்தது சரி. அதையும் எழுதும். அவர் கதைக்கவேணும் எண்டு கேட்டதையும் எழுதும்.”

எழுதினேன். மூன்று வரிதான். அரை மணி நேரம் ஆனது. ‘திங்கட்கிழமை காலை நோயாளி பேச வேண்டும் என்றார். நான் பயந்து மணியை அழுத்தினேன். மூன்று நாளும் அவரை யாரும் தேடவில்லை.’ டாக்டர் வாசித்துவிட்டு, அதன் கீழே, முதல் தடவையாகப் பேனாவால், தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘அந்தக் கவுண்டரில் ஒருவரை மட்டும் தனியாக அமர்த்தியது என் முடிவு.’

“டாக்டர், நீங்க எதுக்கு...”

“கேக் இன்னும் இருக்கோ?” என்றார். பேச்சு முடிந்தது.

அதன் பிறகு கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்தது. பேச வேண்டும் என்கிறவர்கள் அதில் உட்காரலாம். அடுத்த அறையிலிருந்து இரண்டாவது ஆள் வருவார். யாராவது ஒருநாள் வராவிட்டால் அன்றைக்கே போன் போகும். சார்ஜன் ரஹிமின் நம்பரை நாங்களும், எங்கள் நம்பரை அவரும் சுவரில் ஒட்டிக்கொண்டோம், அரிவாள் வருவதற்கு முன்பே பேசிக்கொள்ள. குருவி மணியைக் கழற்றவில்லை. நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் அதை அழுத்துவோம். பல் பிரிவு நர்ஸ் உண்மையாகவே தேநீர் கொண்டு வந்தாள்.

குணா சில மாதம் ஜோகூர் பாருவில் மனநல வார்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். இடையில் ஒரு தடவை சறுக்கினான். நாற்காலியில் வந்து உட்கார்ந்து சொன்னான். புஷ்பா சிகாமட்டுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு அவனுக்கு முறுக்கு அனுப்புகிறாள், கிளினிக் விலாசத்துக்கு. தன் வீட்டு விலாசத்தை மட்டும் எழுதுவதில்லை. அவள் கையில் பதினாறு தையல் போட்டவன் நான். அவளை அதற்காக யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன்.

பட்டறையில் இதைத்தான் சொன்னேன். ‘பதற்றமின்றி’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார்கள். எடுக்கவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடிக்கார சீனர் டேப்போடு நின்றார், இன்னும் வெட்டாத கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. யோகா சொன்னாள்: “கப் அகலத்துக்கு ஓட்டை விட்டா போதும்னு மேல சொல்றாங்க சார். அதுதான் பத்திரமாம்.”

கண்ணாடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கம்பிக் கதவு கேட்டு மூன்று கடிதம் எழுதியவன். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம், நோயாளிகள் நிற்கும் பக்கம், போய் நின்றேன். கவுண்டரில் இருந்த இத்தனை வருடத்தில் அங்கே நின்றதில்லை. கப் வாங்குவது போல இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன்.

“இத அளந்துக்கச் சொல்லு.”

எதிரே யோகா மட்டும். அரிவாள் இல்லை, பச்சை குத்திய கை இல்லை. இருந்தாலும் கை ஆடியது. கண்ணாடிக்காரர் டேப்பை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “அங்கிள், ஜாங்ஙான் கெராக் லா,” என்றார். அசையாதீர்கள் என்கிறார்.

“அது நிக்காது லா,” என்றேன். “ஆட்டத்தையும் சேர்த்து அள.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு டேப்பை இன்னும் இரண்டு விரற்கடை இழுத்து, கண்ணாடியில் கோடு போட்டார்.